பாம்பின் கால் பாம்பறியும்: சாவோ காட்டில் ஊர்வனக் கணக்கெடுப்பு

தலைமை தாங்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் வனத்துறைப் பெரியவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்தி, தகுதிக்கு மீறிப் புகழ்ந்த விலங்கியல் துறைத் தலைவர் ஐயா அவர்களே, பணி முடித்த களைப்போடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அரசு மருத்துவமனைச் செவிலியச் சகோதரிகளே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

கென்யாவின் சாவோ காட்டில் ஊர்வனவற்றை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள், தட்டை ஆமைக் கடத்தல், பாம்புக்கடி மருந்து என்று மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன்.

சாவோ 1948-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. அங்கே யானையை விமானத்திலிருந்து எண்ணிவிடலாம். அரணையை எண்ண மண்ணில் மண்டியிட வேண்டும். தரைமட்டத்துக்கு வாளிகளைப் புதைத்து, இடையிடையே பிளாஸ்டிக் தாளால் குட்டை வேலி கட்டுவார்கள். ஊர்ந்து வரும் உயிர் வேலியில் முட்டி, அதை ஒட்டியே போய் வாளிக்குள் விழும். பெரிய பாம்பு ஏறிப் போய்விடும் என்பதால் அதற்குப் புனல் வாய் வைத்த கூண்டு. வெயில் ஏறுமுன் பார்த்தாக வேண்டும், இல்லையேல் விழுந்தது வெந்து சாகும். புரட்டிய கல்லை இருந்தபடியே வைக்க வேண்டும். மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழை. மழைக்காலத்தைத் தவறவிட்டால் பட்டியல் குறைபட்டுப் போகும். இத்தனைக்கும் மேலே, எந்தப் புற்றில் எது இருக்கும் என்பது அங்கே மாடு மேய்ப்பவருக்குத் தெரியும். பாம்பின் கால் பாம்பறியும்.

இதற்கு ஒரு கதை சொல்கிறேன், கேளுங்கள். ஜேம்ஸ் ஆஷ் என்று ஒரு பாம்பு மனிதர். மனைவி சாண்டாவோடு கென்யக் கடற்கரையில், வடாமு என்னும் ஊரில், 1980-இல் பயோ-கென் பாம்புப் பண்ணையைத் தொடங்கியவர். அந்நாட்டின் வறண்ட தாழ்நிலங்களில் பழுப்பு நிறத்தில், விஷம் துப்பும் பெரிய நாகம் ஒன்று உண்டு. கருங்கழுத்து நாகத்தின் நிறபேதம் அது என்று அறிஞர்கள் எழுதிவைத்தார்கள். ஆஷ் 1960-களிலேயே இது வேறு இனம் என்றார். யார் கேட்டார்கள்? பத்து ஆண்டு போயிற்று. இருபது போயிற்று. முப்பதும் போயிற்று. 2004-இல் அவருடைய பண்ணையில் அப்படி ஒரு நாகத்திடம் விஷம் எடுத்தார்கள். ஒரே தடவையில் 6.2 மில்லி லிட்டர்! சகோதரிகளே, ஒரு டீஸ்பூனுக்கும் மேல்! 2007-இல் வூஸ்டர், பிராட்லி என்ற இரு அறிஞர்கள் மரபணுவையும் ஆராய்ந்து, தனி இனமே என்று அறிவித்தார்கள். நாஜா ஆஷெய் என்று அவர் பெயரையே வைத்தார்கள். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. பாம்பின் கால் பாம்பறியும் என்பதை ஏற்க அறிவுலகத்துக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின, ஐயா!

தட்டை ஆமை பாறை இடுக்கில் வாழும், பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரே முட்டை இடும். செல்லப்பிராணி வணிகத்துக்காக அள்ளிச் சென்றார்கள். 2019-இல் சைட்டீஸ் என்னும் காட்டுயிர் வணிகக் கட்டுப்பாட்டுக்கான பன்னாட்டு ஒப்பந்தம் அதை மிகக் கடுமையான தடை உள்ள முதல் பட்டியலில் சேர்த்தது. இதை விரித்துப் பேச ஆசைதான். ஆனால் செவிலியர்கள் நிறைந்த சபையில் மருந்தைப் பேசாமல் நான் இறங்க முடியாது.

நம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷத்தை எடுத்துத் தருகிறது. அதிலிருந்து வரும் மருந்து நம் உழவர்களின் உயிரைக் காக்கிறது. சாவோவின் பஃப் அடர் என்னும் ஆப்பிரிக்க விரியன் கடித்தவரை அது காக்காது; அந்தப் பாம்பின் விஷத்தைக் கொண்டு செய்த மருந்தல்லவே அது. இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு செய்த மருந்து கானாவிலும் சாட் நாட்டிலும் விற்கப்பட்டு, கடிபட்டவர்கள் பிழைக்காமல் போனதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் சேர்த்த பிறகாவது நாம் விழிக்க வேண்டாமா?

ஏற்றுமதியாகும் ஒவ்வொரு குப்பியிலும் எந்த ஊர்ப் பாம்பின் விஷம் என்று அச்சிட வேண்டும். போய் இறங்கும் நாட்டில் கணக்கெடுத்த பாம்புகளின் விஷத்தோடு சோதித்த சான்று இல்லாமல் ஒரு பெட்டியும் கப்பல் ஏறக் கூடாது. இதைக் கேட்டு மத்திய அரசுக்கு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தை முதல்வர் அம்மா போட இசைந்திருக்கிறார்கள். அடுத்த கையெழுத்து செவிலியச் சகோதரிகளுடையதாக இருக்கட்டும். பேனா நான் வைத்திருக்கிறேன். வணக்கம்.