லட்சத்தீவுல தங்கணுமா, முதல்ல கிணத்தப் பாருங்க

வணக்கம் மக்களே. 2024 ஜனவரில பிரதமர் லட்சத்தீவு போய் கடல்ல முங்கி எந்திரிச்ச போட்டோ வந்துச்சுல்ல, அதுல இருந்து எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி இதான், "ப்ரோ பெங்களூர்ல இருந்து எப்படி போறது, எவ்ளோ ஆகும், சரக்கு கிடைக்குமா". கடைசி கேள்விக்கு இப்பவே பதில் சொல்லிடறேன், பங்காரம் தீவு தவிர வேற எங்கயும் கிடையாது, பையில ஒளிச்சு கொண்டு போற ஐடியாவும் வேணாம். அடுத்தது போவோம்.

(திரையில் மேப், கொச்சிக்கு மேற்கே)

தீவு மொத்தம் 36ன்னு கணக்கு, ஆள் வாழறது 10ல மட்டும். எல்லா நிலத்தையும் கூட்டினா 32 சதுர கிலோமீட்டர்தான். கட்மத் தீவ எடுத்துக்கோங்க, நீளம் ஒரு 9 கிலோமீட்டர், அகலமான இடத்துலயே அரை கிலோமீட்டர் சுமார்தான், அதாவது ஒரு பக்கம் லகூன்ல (பவளப் பாறைத்திட்டுக்கு உள்ள அடங்கி நிக்கற ஆழமில்லாத கடல்) கால் நனைச்சுட்டு அந்தப் பக்கம் திறந்த கடலுக்கு நடந்தே போயிடலாம். ஆறு கிடையாது, ஓடை கிடையாது, மலை கிடையாது. அப்ப நீங்க குளிக்கப் போற தண்ணி எங்க இருந்து வருது?

யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. ரூம்ல ஏசி இருக்கான்னு கேக்கறாங்க, வைஃபை இருக்கான்னு கேக்கறாங்க (கொச்சில இருந்து கடலுக்கடில கேபிள் போட்டு 2024ல தொடங்கி வச்சாச்சு, போதுமா?), தண்ணிய மட்டும் விட்டுடறாங்க. அதுவும் யாரு, 2024 மார்ச்ல குடிக்கற தண்ணில கார் கழுவினா 5,000 ரூபா ஃபைன்னு அறிவிப்பு வந்த பெங்களூர்ல, டேங்கர் லாரிக்கு போன் மேல போன் போட்ட நாமதான்!

(திரையில் கிணறு)

இப்ப கவனிங்க. அங்க மண்ணுன்னு இருக்கறதே பவளம் பொடிஞ்ச மணல்தான், மழை பெஞ்சா நிக்காது, நேரா உள்ள இறங்கிடும். கீழ சுத்தி உப்புத் தண்ணி. நல்ல தண்ணி அதவிட லேசுங்கறதால மேல மெல்லிசா மிதந்துக்கிட்டு நிக்கும். கணக்குப்படி பாத்தா கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நின்னா கீழ 40 அடி இருக்கணும், ஆனா இந்த மாதிரி குட்டி தீவுல கடல் ஏறி இறங்கறப்ப ரெண்டும் கலந்துக்கிட்டே இருக்கும், அதனால மிஞ்சறது சில மீட்டர்தான். வீட்டுக்குப் பின்னாடி கிணத்த எட்டிப் பாருங்க, தண்ணி பக்கத்துலயே தெரியும், உள்சுவத்துல ஈரமா ஒரு கோடு இருக்கும், அதைப் பாத்து வச்சுட்டு சில மணி நேரம் கழிச்சு வந்து பாருங்க, தண்ணி அந்தக் கோட்டுல இருக்காது. கடல் ஏறினா கிணறும் கொஞ்சம் ஏறும்.

நம்ம ஊர்ல ஆயிரம் அடி போர் போட்டும் வரலன்னா என்ன செய்வோம், இன்னும் இருநூறு அடி இறக்குன்னு சொல்வோம். அங்க இறக்கினா உப்புதான் வரும். பெரிய மோட்டார் வச்சு வேகமா உறிஞ்சினாலும் அதே கதை, கீழ இருக்கற உப்பு மேல ஏறிடும், அப்புறம் அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். பக்கத்துல இருக்கற செப்டிக் டேங்க்ல இருந்து கசியறதும் இதே மணல் வழியா இதே தண்ணிக்குத்தான் வரும்.

இதுக்கு ஒரு வழி சென்னைல இருந்து போச்சு. பள்ளிக்கரணைல இருக்கற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், என்ஐஓடின்னு சொல்வாங்க, 2005ல கவரத்தி தீவுல கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்கற ஒரு பிளான்ட் போட்டாங்க, ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர். மேல இருக்கற வெதுவெதுப்பான கடல் தண்ணிய காத்த உறிஞ்சி வெளிய எடுத்த டேங்க்ல விட்டா அடுப்பே இல்லாம ஆவியாகுது, அந்த ஆவிய சுமார் 350 மீட்டர் ஆழத்துல இருந்து பைப்ல இழுத்த சில்லுத் தண்ணிய வச்சு குளிர வைக்கறாங்க, குடிதண்ணி ரெடி. பவளத்தீவுங்கறதால கரைய விட்டு கொஞ்ச தூரம் போனாலே கடல் செங்குத்தா இறங்குது, அதனாலதான் இது சாத்தியமாச்சு. 2011ல அகத்தி, மினிக்காய்லயும் வந்துச்சு. எனக்கு இந்த பிளான்ட் அங்க இருக்கற பீச்ச விட பெரிய அதிசயம், நீங்க ஒத்துக்க மாட்டீங்க, பரவால்ல.

அதனால ஹோம்ஸ்டேக்கு போன் போடறப்ப குடிக்கற தண்ணி எங்க இருந்து, கழிவு எங்க போகுது, எத்தனை ரூம்னு கேளுங்க. ரூம் கம்மியா இருந்தா நல்லது. ஷவர் தேட வேணாம், ஒரு பக்கெட் போதும். ஸ்விம்மிங் பூல் கேக்கறவங்க கோவா போங்க.

போற வழி. பர்மிட் இல்லாம உள்ள விட மாட்டாங்க, நாம இந்தியர்தானேங்கறது அங்க செல்லாது, அது கைக்கு வர்றதுக்கு முன்னாடி டிக்கெட்ல காச போடாதீங்க. ஏர்போர்ட் அகத்தில மட்டும்தான், குட்டி ஏடிஆர் விமானம் இறங்கற சின்ன ஓடுதளம். கப்பல்னா கொச்சில இருந்து, பெங்களூர்ல ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் ஏறினா சேலம், ஈரோடு, கோயம்புத்தூர்னு நம்ம ஊர் வழியாவே எர்ணாகுளம் போயிடலாம், ராத்திரி முழுக்க கப்பல் ஆடும், வாந்தி மாத்திரை கட்டாயம். நிறைய இடத்துல கப்பல் கரை வரைக்கும் வராது, பாறைத்திட்டுக்கு வெளியவே நின்னுடும். பக்கவாட்டுல கதவத் திறப்பாங்க, கீழ போட் அலைல ஏறி இறங்கிட்டு இருக்கும், போட்காரர் முழங்கைக்கு மேல இறுக்கிப் புடிச்சுக்கிட்டு போட் மேல வர்ற நேரம் பாத்து இழுப்பார், அவர் இழுக்கற வரைக்கும் நீங்களா கால எடுத்து வைக்காதீங்க. லக்கேஜ் தனியா வரும்.

சாப்பாடு சூரை மீனும் தேங்காயும். காய்கறி, வெங்காயம் எல்லாம் கப்பல்ல வரணும், கப்பல் லேட்னா தட்டுலயும் தெரியும், சைவக்காரங்க பருப்புப்பொடி எடுத்துக்கோங்க. ஊர்க்காரங்க கிட்டத்தட்ட எல்லாரும் முஸ்லிம், அவங்க தெருவுல மூடின டிரஸ் போடுங்க. கரைல கிடக்கற பவளத்த ஒரு துண்டு கூட எடுக்காதீங்க, வனவிலங்குச் சட்டத்துல கேஸ். இன்னொண்ணு, அங்க நாயே கிடையாது, நம்ம லேஅவுட்ல ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு நடந்து வர்றவங்களுக்குப் புரியும் அது என்ன சுகம்னு.

அக்டோபர்ல இருந்து மே பாதி வரைக்கும் போகலாம், அதுக்கப்புறம் கடல் முரண்டு புடிக்கும். சீசன்ல கூட கப்பல் தள்ளிப்போறது சகஜம், அதனால திங்கக்கிழமை காலைல மேனேஜரோட மீட்டிங் வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை கப்பல நம்பாதீங்க, லீவ ரெண்டு நாள் சேத்தே போடுங்க.