வற்றும் ஆற்றில் ஒரு வகுப்பு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஆற்றுச் சூழலியல் படிப்பிக்கிறேன் என்றால், "யாழ்ப்பாணத்தில ஆறு எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எங்களுடையது சுண்ணாம்புக்கல் நிலம். மழைநீர் உள்ளே இறங்கிவிடும். குடாநாட்டில் ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான். மாரியில் ஓடி, அராலியில் கடல்நீரேரியைச் சேரும். கோடையில் அதற்குள் மாடு மேயும். எனக்கு அது போதும்.

மார்கழியில் இளமாணி மாணவர்களை அங்கே கூட்டிப் போவேன். முழங்காலளவு தண்ணீரில் ஒருவர் வலையைப் பிடிப்பார். மற்றவர் நீர் வரும் பக்கம் நின்று காலால் அடியைக் கிளறுவார். மூன்று நிமிடம். வலையில் வந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினால் முதலில் சேறும் சருகும்தான். கொஞ்சம் பொறுத்தால் ஒரு சருகு நடக்கத் தொடங்கும். அதுதான் தும்பியின் இளம்பருவம்.

ஒருமுறை அதன் முன்னால் ஒரு நுளம்புக் குடம்பி நெளிந்து போனது. தும்பி அசையவில்லை. திடீரென்று அதன் கீழுதடு, மடித்த கை நீள்வதுபோலப் பாய்ந்து, குடம்பியைக் கவ்விக்கொண்டு வாய்க்குத் திரும்பியது. "சேர், அந்த உதட்டை நான் முதலாம் வருசம் கீறினனான்" என்றாள் ஒரு மாணவி. போத்தலில் கிடந்ததைப் பார்த்துக் கீறியது. அது எதற்கென்று அன்றுதான் கண்டாள்.

சில இடங்களில் இரத்தச் சிவப்புப் புழுக்களே மலிந்திருக்கும். அந்தச் சிவப்பு ஈமோகுளோபின். ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் அவை பிழைப்பது அதனால்தான். மற்ற உயிர்கள் குறைந்து இவை மட்டும் பெருகினால், பக்கத்தில் கழிவு கலக்கிறதா என்று தேட வேண்டும். ஒட்சிசனை அளக்கும் மீற்றர் கருவி அந்த நேரத்துத் தண்ணீரைத்தான் அளக்கும். புழுவோ கிழமைக்கணக்காக அங்கேயே கிடந்தது.

சரி, வற்றிய ஆற்றுக்கு இவ்வளவு உயிரும் எங்கிருந்து வந்தன? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மழைக்காற்றோடு இந்து சமுத்திரத்தையே கடக்கும் மஞ்சள் தும்பி ஒன்று உண்டு. தேங்கிய நீரில் முட்டையிடும். ஆறேழு கிழமையில் அடுத்த தலைமுறை பறந்துவிடும். நத்தைக்குச் சிறகில்லை. அதனால் கோடையிலும் ஒருமுறை போகிறோம். போன சித்திரையில் வெடித்த சேற்றைக் கிண்டி, வாய் மூடிய நத்தை ஒன்றை எடுத்தோம். "செத்துப்போச்சு" என்றார்கள். வாளித் தண்ணீரில் போட்டு வைத்தோம். பின்னேரம் மூடி மெல்ல விலகி, இரண்டு கொம்புகள் வெளியே வந்தன.