கதவை மூடாமல் தூங்கியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பதினேழு வருஷம் வணிகக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். எங்கள் வேலையில் பேசுவது கொஞ்சம், கேட்பதுதான் அதிகம். அந்தக் காலத்தில் கப்பலின் ரேடியோ அறையில் ஒரு வட்டக் கடிகாரம் இருக்கும். அதன் முகப்பில் கால் மணியிலிருந்து மூன்று நிமிடம், முக்கால் மணியிலிருந்து மூன்று நிமிடம் என்று இரண்டு இடங்களில் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள். முள் அந்தச் சிவப்புக்குள் நுழைந்துவிட்டால் எந்தக் கப்பலும் அபாய அலைவரிசையில் வேறு பேச்சுப் பேசக்கூடாது. எங்கேயோ ஒரு கப்பல் முழுகிக்கொண்டிருக்கலாம். அதன் குரல் மெலிந்திருந்தாலும் மற்றவர் காதில் விழ வேண்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

அந்த மூன்று மூன்று நிமிடங்களில் நான் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான். இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டிய நார்வே நாட்டு வணிகக் கப்பல்களைப் பற்றி. போர்க்கப்பல்கள் இல்லை, சரக்குக் கப்பல்கள். கோதுமை, இரும்பு, பெட்ரோல் ஏற்றிப் போனவை.

நார்வேயில் அப்போது மொத்த மக்கள்தொகை முப்பது லட்சத்துக்குப் பக்கம். இன்றைய சென்னையில் பாதிகூடத் தேறாது. ஆனால் வணிகக் கப்பல்களில் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பானுக்கு அடுத்து உலகத்திலேயே நான்காவது பெரிய நாடு அதுதான். அதிலும் எண்ணெய் ஏற்றும் டேங்கர்கள் அவர்களிடம் ஏராளம். புதுசு புதுசாக, டீசல் எஞ்சின் வைத்தவை.

1940 ஏப்ரல் 9-ம் தேதி விடியற்காலையில் ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச எனக்கு அனுமதி கொடுங்கள். நானும் ரேடியோக்காரன், நீங்கள் கேட்பதும் ரேடியோ. இந்தக் கதையும் ரேடியோவில்தான் திரும்பியது.

அன்று சாயங்காலம் க்விஸ்லிங் என்ற நார்வே நாஜி ஆதரவாளர் தலைநகர் ஆஸ்லோவின் வானொலியில், தான் புது அரசாங்கம் அமைத்துவிட்டதாக அறிவித்தார். அந்த ஆள் பெயரே பிறகு பல மொழிகளில் துரோகி என்பதற்கு இன்னொரு சொல்லாகிவிட்டது. அப்புறம் கடலில் இருந்த நார்வேக் கப்பல்களுக்கு ஆஸ்லோவிலிருந்து கட்டளை வந்தது. ஊருக்குத் திரும்பு, இல்லையென்றால் ஜெர்மனி பக்கத்துத் துறைமுகத்துக்கோ நடுநிலை நாட்டுத் துறைமுகத்துக்கோ போ. அதே சமயம் லண்டனிலிருந்து பி.பி.சி. நார்வே மொழியிலேயே வேறு மாதிரி சொன்னது. நேச நாட்டுத் துறைமுகத்துக்கு வாருங்கள் என்றது.

நீங்கள் அந்த ரேடியோ ஆபீசராக இருந்து பாருங்கள். நடுக்கடல். காதில் ஹெட்போன். ஆஸ்லோ வானொலி என்பது நேற்றுவரை வானிலை சொன்ன, பாட்டுப் போட்ட உங்கள் சொந்த ஊர்க் குரல். லண்டன் அயல்நாடு. எது நிஜம்? கப்பல் முதலாளியைக் கேட்கலாமென்றால் அவர் ஆபீஸ் ஜெர்மானியர் பிடித்த ஊரில் இருக்கிறது. அங்கிருந்து தந்தி வந்தாலும் யார் துப்பாக்கியை நீட்டி எழுதவைத்தார்களோ தெரியாது. மனைவி, பிள்ளை, அம்மா எல்லாரும் அங்கேதான். சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் அவர்களுக்கு என்ன ஆகும்? ரேடியோ ஆபீசர் இரண்டையும் தாளில் எழுதிக்கொண்டு போய் கேப்டனிடம் நீட்டுகிறார். கேப்டன் மாலுமிகளைக் கூப்பிட்டுப் பேசுகிறார்.

வெளிக்கடலில் அப்படி ஏறக்குறைய ஆயிரம் கப்பல்கள் இருந்தன. ஆயிரம் ரேடியோ அறைகள். சுதந்திரமாக முடிவெடுக்க முடிந்த கப்பல்களில் ஆஸ்லோ பேச்சைக் கேட்டுத் திரும்பியது ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட இல்லை என்று மறுபடியும் சொல்கிறேன். ஒருவரோடொருவர் பேசிவைத்துக்கொள்ள வழியில்லை. தனித்தனியாகக் கடலில் நின்றுகொண்டு எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

நார்வே அரசரும் அமைச்சர்களும் குண்டுவீச்சுக்கு நடுவே ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நிலையிலும் ஏப்ரல் 22-ம் தேதி, ரூம்ஸ்டால் பள்ளத்தாக்கில் ஸ்டுகுஃப்ளோட்டன் என்ற சின்ன இடத்தில் ஓர் உத்தரவு போட்டார்கள். எதிரி கையில் சிக்காத, 500 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் எல்லாம் இனி அரசின் பொறுப்பு. அவற்றை நடத்த லண்டனில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். அதன் தந்தி முகவரி ‘நோர்ட்ராஷிப்’. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நாடு இல்லாத ஓர் அரசாங்கத்திடம் உலகத்தின் மிகப்பெரிய கப்பல் நிறுவனம் இருந்தது. கப்பல் கூலியில்தான் அந்த அரசாங்கமே நடந்தது.

சரி, அட்லாண்டிக்குக்கு வருவோம்.

கனடாவின் ஹாலிஃபாக்ஸில் கப்பல்கள் கூடும். முப்பது, நாற்பது, சில சமயம் அதற்கு மேலும். வரிசை வரிசையாக நிறுத்தி, சுற்றிலும் சில காவல் கப்பல்களை வைத்து பிரிட்டனுக்கு அனுப்புவார்கள். இதுதான் கான்வாய். கூட்டத்தில் எது மெதுவான கப்பலோ அதன் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். வேகமான கான்வாய் என்றாலே மணிக்கு 9 கடல் மைல்தான். சைக்கிளை நன்றாக அழுத்தி மிதித்தால் நீங்கள் அதை முந்திவிடலாம். மெதுவான கான்வாய் 7 கடல் மைல். அந்த வேகத்தில் இரண்டு வாரம், அதற்கு மேலும், அடியில் நீர்மூழ்கி இருக்கும் கடலைக் கடக்க வேண்டும்.

ராத்திரியில் விளக்கு கிடையாது. மூடுபனி இறங்கினால் முன்னால் போகும் கப்பல் தன் பின்னால் நீளமான கம்பியில் ஒரு மிதவையைக் கட்டி இழுக்கும். அது தண்ணீரை வெள்ளையாகச் சிதறடிக்கும். பின்னால் வருகிறவன் கப்பலைப் பார்க்க மாட்டான், அந்த வெள்ளைச் சிதறலைப் பார்த்துத்தான் ஓட்டுவான். சமையல்காரர் உருளைக்கிழங்குத் தோலைக்கூடப் பகலில் கடலில் கொட்டக்கூடாது. மிதக்கும் குப்பையைப் பிடித்துக்கொண்டு நீர்மூழ்கி பின்தொடர்ந்துவிடும். ரேடியோ ஆபீசருக்கு வாயே கிடையாது. கேட்கலாம், அனுப்பக்கூடாது. நீர்மூழ்கி தாக்கினால் மட்டும் அனுப்ப ஒரு குறி உண்டு. மோர்ஸ் என்ற தந்திக் குறிமொழியில் ‘எஸ்’ என்ற எழுத்து, நான்கு முறை. மூன்று மூன்று புள்ளியாக நான்கு தடவை.

பக்கத்துக் கப்பல் அடிபட்டால் நின்று தூக்கக்கூடாது என்பது பொது விதி. நின்றால் நீயும் போவாய். கடைசியில் வரும் கப்பல்தான் தண்ணீரில் கிடப்பவர்களை எடுக்க முயலும். உயிர்காப்பு உடுப்பின் தோளில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று மாட்டியிருப்பார்கள். இருட்டில் அந்தச் சிவப்புப் புள்ளிகள் கப்பலின் ஓரமாக மிதந்து பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

இதை எனக்குச் சொன்னவர் ஒரு நார்வேக்காரர். 1976 குளிர்காலம், ராட்டர்டாமில் ஒரு மாலுமிகள் விடுதி. அடுத்த கப்பலுக்காகக் காத்திருந்தேன். எதிர் அறையில் அவர். பார்த்தால் எழுபது சொல்லலாம், உண்மையில் ஐம்பத்தைந்து. முதல் ராத்திரி குளிர் தாங்கவில்லை, நடையில் காற்று வீசுகிறது. எழுந்து பார்த்தேன். அவர் அறைக் கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது, இடுக்கில் ஒரு பூட்ஸ் செருகியிருக்கிறது. மறந்துவிட்டார் போல என்று பூட்ஸை எடுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். காலையில் பார்த்தால் மறுபடி திறந்திருக்கிறது, மறுபடி பூட்ஸ்.

இரண்டாம் ராத்திரியும் நான் சாத்தினேன். மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டு மேஜையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். கோபமாக இல்லை. ‘தம்பி, டார்பிடோ விழுந்தால் கப்பலின் சட்டமே முறுக்கிக்கொள்ளும். மூடின கதவு மூடினபடியே இறுகிவிடும். உள்ளே இருக்கிறவன் எவ்வளவு இடித்தாலும் திறக்காது. நாங்கள் கொக்கி போட்டு ஒரு சாண் திறந்து வைத்துத்தான் படுப்போம்’ என்றார். அவர் போரின்போது டேங்கரில் எஞ்சின் அறை ஆயில்மேன், அதாவது எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவர். போர் முடிந்து முப்பத்தொரு வருஷம் ஆகிவிட்டது. நாங்கள் படுத்திருந்தது செங்கல் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில்.

மீதி இருந்த நாட்களில் நானும் என் கதவைத் திறந்துவைத்துத்தான் படுத்தேன். அவரைப் போன்றவர்களின் இந்த நிலைக்கு நார்வே மருத்துவர்கள் பின்னாளில் ‘போர்மாலுமி நோய்’ என்றே பெயர் வைத்தார்கள். தூக்கமின்மை, நடுக்கம், வயதுக்கு முந்திய மூப்பு.

டேங்கர் ஆட்களின் பயம் தனி ரகம். நம் பெட்ரோல் பங்குக்கு வரும் பெரிய டேங்கர் லாரியில் 20,000 லிட்டர் இருக்கும். பத்தாயிரம் டன் ஏற்றும் கப்பல் என்றால் அப்படி அறுநூறு லாரிக்கு மேல். அதற்கு மேலே உங்கள் படுக்கை. பிரிட்டனின் நெருக்கடியான அந்த ஆண்டுகளில் அங்கே வந்திறங்கிய எண்ணெயில் பத்தில் நான்கு பங்கு நார்வே டேங்கர்களில் வந்தது என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கப்பல்களில் நார்வேக்காரர்கள் மட்டுமில்லை, சீனர்களும் பிற நாட்டவரும் வேலை செய்தார்கள்.

ஒரு பயணத்தை மட்டும் சொல்கிறேன். ‘வான்யா’ என்ற நார்வே டேங்கர். 1942 டிசம்பர் கடைசியில் டிரினிடாட் தீவிலிருந்து ஜிப்ரால்டருக்கு ஓர் எண்ணெய்க் கான்வாய் புறப்பட்டது. பெயர் டி.எம். 1. வட ஆப்பிரிக்காவில் இறங்கியிருந்த நேச நாட்டுப் படைகளுக்கு எரிபொருள். 9 டேங்கர்கள், அவற்றில் நான்கு நார்வேயுடையவை. காவலுக்கு நான்கே கப்பல்கள். அவற்றில் சிலவற்றின் ரேடார் வழியிலேயே பழுதாகிவிட்டது. காவல் கப்பல்களுக்கும் நடுக்கடலில் எண்ணெய் நிரப்ப வேண்டும், அதற்கு அலை அடங்கிய கடல் தேவை. அதனால் பாதையை மாற்றச் சொல்லி வந்த யோசனையைக் காவல் தளபதி ஏற்கவில்லை. அமைதியான கடலைத் தேடிப் போனார்கள். அந்தப் பக்கம் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கூட்டமாகக் காத்திருந்தன.

ஜனவரி 3-ம் தேதி முதல் டேங்கர் அடிபட்டது. 8-ம் தேதி ராத்திரி தொடங்கி விடிவதற்குள் ஐந்து டேங்கர்களில் டார்பிடோ பாய்ந்தது. அந்த ஐந்தில் மூன்று நார்வேயுடையவை. ‘ஆல்பர்ட் எல். எல்ஸ்வொர்த்’, ‘மினிஸ்டர் வெடல்’, ‘நோர்விக்’. மூன்றிலும் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றிவிட்டார்கள். 11-ம் தேதி இன்னொரு பிரிட்டிஷ் டேங்கர். 14-ம் தேதி ஜிப்ரால்டர் துறைமுகத்துக்குள் நுழைந்தவை இரண்டே டேங்கர்கள். பிரிட்டனின் ‘கிளியோனா’, நார்வேயின் ‘வான்யா’.

ஒன்பதில் ஏழு போயிற்று. வான்யாவின் எஞ்சின் அறையில் அந்த ராத்திரி நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். கீழே ஜன்னல் கிடையாது. வெளியே வெடிப்பது இரும்புச் சுவரில் சம்மட்டி அடித்தது போலக் கேட்கும். ஐந்து முறை கேட்டது. எந்தக் கப்பல் என்று மேலேயிருந்து யாராவது சொன்னால்தான் தெரியும். எஞ்சினை விட்டு மேலே வர முடியாது, நிறுத்தவும் முடியாது.

அட்லாண்டிக்கில் மட்டும்தான் இந்தக் கப்பல்கள் இருந்தன என்று நினைத்துவிட வேண்டாம். நம் வங்காள விரிகுடாவிலும் 1940 நவம்பரில் ‘டெடி’, ‘ஓலே யாக்கோப்’ என்று இரண்டு நார்வே டேங்கர்களை ‘அட்லாண்டிஸ்’ என்ற ஜெர்மன் கப்பல் அடுத்தடுத்த நாளில் மடக்கிப் பிடித்தது. அது தனிக் கதை. சொல்ல ஆசைதான். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்.

இந்த இரண்டு நிமிடத்தில் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது, பணக் கதை. 1940-ல் நார்வே மாலுமிகளின் போர்க்காலப் படியைக் குறைத்தார்கள், பிரிட்டிஷ் மாலுமிகளைவிட அதிகமாக இருக்கக்கூடாது என்று. மிச்சப் பணத்தைத் தனியாக ஒரு ரகசிய நிதியில் போட்டார்கள். போருக்குப் பின் தங்களுக்கே வரும் என்று மாலுமிகள் நம்பினார்கள். வரவில்லை. வழக்குப் போட்டார்கள், 1954-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஊரில் சிலர் அவர்களைக் குடிகாரர்கள் என்றார்கள். ஏறக்குறைய 30,000 பேர் கடலில் இருந்தார்கள், அவர்களில் 3,600 பேருக்கு மேல் திரும்பவில்லை, கப்பல்களில் பாதி கடலடியில். 1972-ல்தான் நார்வே நாடாளுமன்றம் கடலில் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 180 குரோனர் வீதம் கொடுக்க முடிவு செய்தது. நிறையப் பேருடைய பணத்தை அவர்கள் விதவைகள் வாங்கினார்கள். 2013-ல் அரசு மன்னிப்புக் கேட்டது.

ராட்டர்டாம் விடுதிக்காரர் எனக்கு அந்தக் கணக்கை ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். 1940 ஏப்ரலிலிருந்து 1945 மே வரைக்கும் 61 மாதம். 180-ஆல் பெருக்கி 10,980 குரோனர். அதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ‘வீட்டுக் கூரையை மாற்றினேன்’ என்றார்.

முள் வந்துவிட்டது. வணக்கம்.