பேசத் தெரிந்த பிணம்

(திருகோணமலையில் ஒரு ஞாயிறு பின்னேரம் நடந்த வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மார்கழி மழைக்குள்ளும் வந்திருக்கிறீர்கள். பேய்க்கதை என்றபடியால்தான் வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். வாசல் தாழ்வாரத்தில் இரண்டு மானும் ஒரு குட்டியும் ஒதுங்கி நிற்கின்றன. அவை மட்டும் எனக்காகவும் வரவில்லை, பேய்க்காகவும் வரவில்லை.

போன கிழமை ஒரு மாணவி கேட்டாள்: "சேர், பிராங்கன்ஸ்டைன் என்றது பேயின் பெயரா, பேயைச் செய்தவரின் பெயரா?" செய்தவனின் பெயர்தான். விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்ற இளைஞன், படிக்கப் போன இடத்தில், பிண அறைகளில் பொறுக்கிய உறுப்புகளைச் சேர்த்து எட்டடி உருவம் ஒன்றைச் செய்கிறான். அந்த உருவத்துக்கு நாவல் முடியும்வரை பெயர் கிடையாது. அதைப் பிராங்கன்ஸ்டைன் என்று கூப்பிட்டால் படித்தவர்கள் உடனே திருத்துவார்கள். எனக்கு என்னவோ அது அவ்வளவு பெரிய பிழையாகத் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் அப்பாவின் பெயரை முன்னுக்கு வைத்துத்தானே கையெழுத்துப் போடுகிறோம்? அந்தப் பாவிக்கு இனிஷல் மட்டும் இருந்தது. பெயர் கிடைக்கவில்லை.

இந்த 'பிராங்கன்ஸ்டைன்' நாவலை எழுதத் தொடங்கியபோது ஆங்கில எழுத்தாளர் மேரி ஷெல்லிக்கு 18 வயது. 1816ஆம் ஆண்டு, ஜெனீவா ஏரிக்கரை. கோடை காலம்தான், ஆனால் வெயில் இல்லை, மழையும் குளிரும். அதற்கு முந்திய ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்திருந்தது. அந்தப் புழுதி உலகத்தைச் சுற்றி ஐரோப்பாவின் கோடையை மறைத்துவிட்டது. 2004இல் எங்களுக்குக் கடல் எந்தப் பக்கமிருந்து வந்ததோ, அதே பக்கத்தில் இன்னும் தள்ளிப் போனால் தம்போரா. வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்களிடம் கவிஞர் பைரன், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார். இதெல்லாம் நீங்கள் கேள்விப்பட்ட கதைதான். அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். மேரி பிறந்த பதினோராம் நாள் அவளுடைய தாய் இறந்துபோனார். 1815இல் மேரிக்கு ஒரு பெண்குழந்தை பிறந்து, இரண்டு கிழமைக்குள் அதுவும் போய்விட்டது. பிறகு ஒருநாள் டயரியில் ஒரு கனவை எழுதுகிறாள்: குழந்தை சாகவில்லை, குளிரில் விறைத்துத்தான் போயிருந்தது, நெருப்படியில் வைத்துத் தேய்த்தோம், உயிர் வந்துவிட்டது. கண் விழித்தால் குழந்தை இல்லை.

பிணத்துக்கு உயிர் கொடுக்கும் கதையை ஒரு 18 வயதுப் பெண் எங்கிருந்து எடுத்தாள் என்று கேட்பவர்களுக்கு நான் அந்த டயரிப் பக்கத்தைத்தான் சொல்வேன்.

நாவல் 1818இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்தது. படம் 1931இல் வந்தது. ஜேம்ஸ் வேல் இயக்கம், போரிஸ் கார்லோஃப் அந்த உருவம். தட்டையான தலை, கழுத்தில் இரண்டு ஆணி, கனத்த சப்பாத்து. இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் கொப்பியில் கீறுகிற பிராங்கன்ஸ்டைன் இதுதான். புத்தகத்தில் தட்டைத் தலையும் இல்லை, ஆணியும் இல்லை. நீளமான கறுத்த முடி, வெள்ளைப் பற்கள், தசையை மூடப் போதாத மஞ்சள் தோல். இடியும் மின்னலும் சேர்ந்து உயிர் கொடுக்கும் அந்தப் பெரிய காட்சியும் புத்தகத்தில் இல்லை. ஒரு கார்த்திகை இரவு, யன்னலில் மழை சொட்டுகிறது, மெழுகுதிரி அணையப் பார்க்கிறது, மஞ்சள் கண் ஒன்று மெல்லத் திறக்கிறது. அவ்வளவுதான். செய்தவன் பயந்து ஓடிவிடுகிறான். பெற்ற கையோடு பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிறான் என்றுதான் நான் அதை வாசிப்பேன்.

தோற்றம் போகட்டும். படம் செய்த பெரிய மாற்றம் வேறு. அந்த உருவத்தின் வாயை அடைத்துவிட்டது. 1931 படத்தில் அது உறுமும், முனகும், ஒரு சொல் பேசாது. புத்தகத்திலோ அவனைப் போலப் பேசுகிறவர் வேறு யாருமில்லை. நாவலின் நடுப்பகுதி முழுக்க அவன் தன் கதையைத் தானே சொல்வதுதான். ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் ஒளிந்திருந்து, பலகை இடுக்கால் பார்த்துப் பார்த்து மொழி படிக்கிறான். அந்த வீட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு வீட்டுக்காரர்கள் பாடம் சொல்லிக்கொடுக்க, இவன் வெளியே இருந்து அதையே படிக்கிறான். காசு கட்ட வழியில்லாத பொடியன் ரியூஷன் கொட்டிலுக்கு வெளியே நின்று படிப்பதைப் போல. அப்புறம் காட்டில் கிடந்த பெட்டியில், ஆதாமின் கதையைச் சொல்லும் மில்டனின் காவியம் 'இழந்த சொர்க்கம்' கிடைக்கிறது. அதையும் வாசித்து, ஆதாமுக்காவது ஒரு கடவுள் இருந்தார், எனக்கு யார் இருக்கிறார்கள் என்று தன்னைச் செய்தவனிடமே கேட்கிறான்.

நான் பேசிக்கொண்டு வரும்போதே கவனித்திருப்பீர்கள். 'அது' என்று தொடங்கினேன், இப்போது 'அவன்' என்கிறேன். படத்தில் கை அசைந்ததும் விஞ்ஞானி கத்துவது 'அது உயிரோடு இருக்கிறது' என்றுதான். தமிழில் இந்த நாவலை எழுதப் போகிறவர் எந்தப் பக்கத்தில் 'அது'வை 'அவன்' ஆக்குவது என்று ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டும். 'அவன்' ஆனபிறகு அவனை அடிக்க எங்களுக்குக் கை வராது. படத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பிணம் பேசுவது எங்களுக்குப் புதிது இல்லை. முருங்கை மரத்தில் தொங்குகிற வேதாளம் விக்கிரமாதித்தன் தோளில் ஏறி உட்கார்ந்து என்ன செய்தது? கேள்வி கேட்டது. அங்கே வாயைத் திறக்கக்கூடாதவன் ராசாதான். ஊரை எடுத்துக்கொண்டாலும், நாங்கள் கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைக் காட்டுகிறவர்கள். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றையும் காட்டி, தாய்க்குக் கிரியை செய்ய அவன் உண்டாக்கியது என்கிறவர்கள். அரக்கனுக்கும் ஒரு தாய் இருந்தாள், அவள் செத்தபோது அவனுக்கும் அழுகை வந்தது என்று சொல்லித்தந்த ஊர் இது. இந்த நாவல் எங்களுக்கு லேசில் பிடிபடும்.

படத்தில் ஏன் அந்த உருவத்தை ஊமை ஆக்கினார்கள்? எல்லாப் பழியையும் படத்தின் தலையில் போட முடியாது. 1823இலேயே லண்டனில் இது நாடகமாகிவிட்டது. அங்கேயும் உருவம் ஊமைதான். மேரியே போய்ப் பார்த்தாள். நடிகர் பட்டியலில் அந்த உருவத்தின் பெயருக்கு வெறும் கோடு போட்டிருந்தது. பெயரில்லாததற்கு இப்படிப் பெயர் வைத்தது நன்றாக இருக்கிறது என்று கடிதத்தில் எழுதினாள். 1931 படத்தின் தொடக்கத்தில் அதே இடத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும்.

ஆனால் ஒரு விடயத்தில் நான் படத்தை மன்னிக்கமாட்டேன். அதுதான் மூளை. படத்தில் ஃபிரிட்ஸ் என்ற கூனன் உதவியாளன், புத்தகத்தில் இல்லாத ஆள், நல்ல மூளை இருந்த போத்தலைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, கெட்ட மூளையைக் கொண்டுவருகிறான். போச்சு! பிறகு நடக்கும் கொலை எல்லாவற்றுக்கும் அந்தப் போத்தல்தான் காரணம் என்றாகிவிடுகிறது. மேரி அப்படித் தப்பிக்கவிடவில்லை. அவளுடைய உருவம் அன்போடுதான் தொடங்குகிறது. அந்தக் குடும்பத்துக்கு இரவில் ரகசியமாக விறகு வெட்டிப் போடுகிறான். ஆற்றில் விழுந்த ஒரு சிறுமியைக் குதித்துக் காப்பாற்றுகிறான். சிறுமியோடு வந்த ஆள் அவனைச் சுடுகிறான். அதற்குப் பிறகுதான் விக்டரின் சின்னத் தம்பியை அவன் கொல்வது. அவன் செய்தது சரி என்று நான் சொல்லவரவில்லை. குழந்தையின் கழுத்தை நெரித்தவன்தான். ஆனால் அந்த இடத்துக்கு அவன் எப்படி வந்தான் என்று எங்களுக்குப் படி படியாகத் தெரியும்.

படத்திலும் நீரும் சிறுமியும் உண்டு. மரியா என்ற பிள்ளை பூக்களை ஏரியில் போட்டு மிதக்கவிடக் கற்றுக்கொடுக்கிறாள். அவனுக்குச் சந்தோசம். பூ முடிந்துவிடுகிறது. பூவைப் போல அவளும் மிதப்பாள் என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறான். தணிக்கைக்காரர்கள் போடுகிற இடத்தை வெட்டினார்கள். கையை நீட்டுகிறான், அடுத்தது தகப்பன் பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு வருகிறான். இடையில் என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் நினைத்தது, வெட்டியதைவிட மோசமாக இருந்திருக்கும். 1980களில்தான் அந்தத் துண்டு திரும்பச் சேர்ந்தது.

சரி, இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் புரொஜெக்டரைக் கொண்டுவந்தேன் என்று கேட்பீர்கள். கார்லோஃபின் கைக்காக. ஒரு காட்சியில் கூரைக் கதவைத் திறக்கிறார்கள். வாழ்க்கையில் முதல் தரம் அவன்மேல் வெளிச்சம் விழுகிறது. எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்குகிறான், வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்க்கிறான். கதவை மூடிவிடுகிறார்கள். உட்கார்ந்து, கையை மட்டும் விரித்துக் காட்டுகிறான். மேரி பல அத்தியாயங்களில் அவனைப் பேசவைத்துச் சொன்னதை அந்த மனிதர் வாய் திறக்காமல் சொல்லிவிடுகிறார்.

அந்த ஒரு காட்சியை இப்போது போடுகிறேன். தம்பி, அந்த ஃபானை நிப்பாட்டுங்கோ. படத்துக்குப் பின்னணி இசை கிடையாது, காலடிச் சத்தம் மட்டும்தான். கதவைப் பார்த்துக்கொண்டிருங்கள். முதலில் முதுகுதான் வரும்.