ஒரே வார்டில் இரண்டு நோயாளிகள்: செனகாவின் கடிதங்கள்

[திரையில்: ரோமப் பேரரசின் வரைபடம். ரோம் நகரமும் சிசிலித் தீவும் ஒளிர்கின்றன.]

"நீ நலமா இருந்தா நல்லது, நான் நலம்." பழைய ரோமானியர்கள் கடிதத்தை இப்படித்தான் தொடங்குவாங்க. செனகா தன்னோட 15-வது கடிதத்தில இந்த வழக்கத்தைச் சொல்லிட்டு, நாம விசாரிக்க வேண்டியது தத்துவப் பயிற்சியைத்தான்னு எழுதறார். அது இல்லேன்னா மனசு நோயில கிடக்குதாம். அப்போ உடம்புல எவ்வளவு பலம் இருந்தாலும், அது வெறி பிடிச்சவனோட பலம்தான்.

செனகா ஸ்டோயிக் தத்துவவாதி, அதாவது உணர்ச்சிகள் இழுத்த வழியில போகாம அறிவுப்படி வாழணும்னு சொல்ற மரபைச் சேர்ந்தவர். இன்னைக்கு ஸ்பெயின்ல இருக்கற கோர்டோபாவில பிறந்தவர். ரோமப் பேரரசர் நீரோவுக்கு ஆசிரியர், பிறகு ஆலோசகர். கி.பி. 62 வாக்கில அரசியல்ல இருந்து ஒதுங்கின பிறகு, சிசிலியில அதிகாரியா இருந்த நண்பர் லூசிலியஸுக்கு எழுதின 124 கடிதங்கள் நமக்குக் கிடைச்சிருக்கு. கி.பி. 65-ல நீரோவோட உத்தரவால உயிரை மாய்ச்சுக்கிட்டார்.

[திரையில்: '75-வது கடிதம்']

எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது இந்தக் கடிதம். திடீர்னு பொங்கற உணர்ச்சி வேற, மனசோட நோய் வேறன்னு பிரிச்சுக் காட்டறார். சளி பிடிச்சா முதல்ல வெறும் இருமல்தான். அது விடாம நீடிச்சா காசநோய். அதே மாதிரி, அடிக்கடி வந்தும் நாம கண்டுக்காம விட்ட உணர்ச்சிகள்தான் உள்ளே இறுகிப்போய் பேராசையா, பதவி வெறியா மாறுது. லேசா விரும்பினாலே போதும்ங்கற ஒண்ணுக்காக உயிரையே விடத் துணியறோமே, அதைத்தான் அவர் நோய்ங்கறார். நல்லவன், கெட்டவன்னு முத்திரை குத்தாம, எப்போ கவனிச்சிருக்கணும்னு யோசிக்க வைக்கற பார்வை இது.

சரி, இதைச் சொல்ல அவருக்கு என்ன தகுதி? பெரிய பணக்காரர். நீரோ கி.பி. 59-ல பெத்த தாயையே கொன்னப்போ, அதை நியாயப்படுத்தி செனட்டுக்குப் போன கடிதத்தை எழுதிக் கொடுத்தவர்ங்கற பழியும் அவர் மேல இருந்தது. இதை மறைச்சுட்டு செனகாவைப் பேசறது நேர்மையில்ல.

அதனாலதான் 27-வது கடிதத்தை அடக்கத்துக்காகச் சொன்னதா என்னால எடுத்துக்க முடியல. 'நானே நோயாளி, உனக்கு வைத்தியம் பார்க்க வரல. ஒரே வார்டுல படுத்திருக்கற மாதிரி, நம்ம ரெண்டு பேருக்கும் இருக்கற நோயைப் பத்திப் பேசறேன்'ங்கற அர்த்தத்தில எழுதறார்.

[திரையில்: முரட்டு ரொட்டி, கட்டாந்தரைப் படுக்கை]

அந்த வார்டுல அவர் பகிர்ந்துக்கற ஒரு மருந்து 18-வது கடிதத்தில இருக்கு. டிசம்பர் மாசம், ஊரே சாட்டர்னேலியா பண்டிகைக் கொண்டாட்டத்தில. மூணு நாலு நாள் காய்ஞ்ச ரொட்டியைச் சாப்பிடு, முரட்டுத் துணியை உடுத்து, 'இதுக்கா பயந்தேன்?'னு உன்னையே கேளுன்னு லூசிலியஸுக்குச் சொல்றார். கூடவே ஒரு எச்சரிக்கை: பெருசா சாதிச்சுட்டதா நினைக்காதே. ஆயிரக்கணக்கான அடிமைகளும் ஏழைகளும் செய்யறதைத்தான் நீயும் செய்யறே. யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தல, அது ஒண்ணுதான் வித்தியாசம்.