காந்தக் கண் வேறு, காந்தக் கண்ணாடி வேறு

எல்லோருக்கும் வணக்கம்.

முப்பது வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். கண் மருத்துவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கூட்டம் முடிந்ததும் யாரும் இமையை விரித்துக்கொண்டு என்னிடம் வந்துவிடக் கூடாது. ஆனால் இன்றைய பேச்சில் பாதிக்கு மேல் காந்தம்தான். அந்தத் தைரியத்தில் வந்திருக்கிறேன்.

இதோ, என் கையில் இருப்பது என் பெரியப்பா மகனின் கண்ணாடி. பவர் கிடையாது, வெறும் பிளாஸ்டிக். காதுக்குப் போகும் கம்பிகளின் உள்பக்கத்தில் பக்கத்துக்கு மூன்று, மூக்கில் உட்காரும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்று என்று மொத்தம் எட்டுக் காந்தங்கள், மிளகு அளவில். கூட வந்த தாளில் நாலு வரி: கண்ணில் இரத்த ஓட்டம் கூடும், சோர்வு போகும், பார்வை தெளியும், நாளடைவில் பவர் குறையும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘காலையும் மாலையும் இருபது நிமிடம் கண்களை மூடி அமர்ந்து அணியவும்.’ அந்தச் சின்ன எழுத்தை மறந்துவிடாதீர்கள், திரும்ப அங்கேதான் வரப்போகிறோம்.

நடுவில் ஒன்று. சாதாரணக் கண்ணாடியின் மேல் கறுப்புக் கண்ணாடி ‘டக்’கென்று ஒட்டிக்கொள்கிறதே, அதிலும் காந்தம் உண்டு. அதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. அங்கே காந்தம் கொக்கி வேலை பார்க்கிறது. நன்றாகவே பார்க்கிறது.

சரி, இந்தக் காந்தத்துக்கு வருவோம். ஒரு குண்டூசியைக் கிட்டே கொண்டுபோனால் துள்ளி வந்து ஒட்டுகிறது. பார்க்கிறவர்களுக்கு உடனே ஒரு மரியாதை வந்துவிடும். இப்போது குறுக்கே ஒரு மெல்லிய நோட்டுப் புத்தகம். ஊசி விழுந்துவிட்டது. காந்தத்தின் குணமே இதுதான். இவ்வளவு சின்னக் காந்தமென்றால், கொஞ்சம் தள்ளிப் போனதுமே தூரம் இரட்டிக்க இரட்டிக்க அதன் புலம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிக்கொண்டே போகும். நம் விழியோ முன்னிருந்து பின்னுக்கு ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளம். பார்வை பதிகிற விழித்திரை அதன் கடைசிச் சுவர். ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தாண்ட முடியாதது அங்கே போய் என்ன செய்யும்?

‘ஐயா, இரத்தத்தில்தான் இரும்பு இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது. ஒரு ஆளின் உடம்பில் மூன்று நான்கு கிராம் இருக்கும், பெரும்பங்கு இரத்தத்தில்தான். ஆனால் அது ஆணியில் இருக்கும் இரும்பு போல அணுக்கள் கூட்டமாக ஒரே திசையில் அணிவகுத்து நிற்கும் இரும்பு அல்ல. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்குள் ஒவ்வொரு அணுவும் தனித்தனியாக அடைபட்டுக் கிடக்கிறது. 1936-இல் லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியல் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தைக் காந்தம் மிக மிக மெல்லியதாகத் தள்ளுகிறது, ஆக்சிஜன் இறங்கிய இரத்தத்தை மிக மிக மெல்லியதாக இழுக்கிறது. அதாவது, இந்தக் கண்ணாடிக்கு உண்மையிலேயே சக்தி இருந்தால் நல்ல இரத்தம் விலகிப் போய், காலியான இரத்தம் கண்ணைத் தேடி வர வேண்டும்! நல்லவேளை, அந்தச் சக்தி இல்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். அதன் காந்தம் 1.5 டெஸ்லா, சிலவற்றில் 3 டெஸ்லா. டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற பொம்மைக் காந்தத்தைப் போல முந்நூறு மடங்கு, அறுநூறு மடங்கு. அதற்குள் தலையை விட்டு அரைமணி நேரம் படுத்திருந்தீர்கள். போகும்போது இருந்த பவர்தானே வரும்போதும் இருந்தது?

ஆனால் நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காந்தத்துக்குக் கண்ணிடம் ஒரு வேலையும் கிடையாது என்று சொன்னால் அது பொய். வேகமாக மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தில் தலையை வைத்தால் மினுக் மினுக்கென்று வெளிச்சம் தெரியும். பிரான்ஸில் தார்சன்வால் என்ற ஆய்வாளர் 1896-இலேயே இதைச் சொல்லிவிட்டார். மாறும் புலம் விழித்திரையில் சின்ன மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. கண்ணாடியில் பதித்த காந்தமோ மாறாமல் அப்படியே இருப்பது. மினுக்கக்கூட அதற்குத் தெரியாது.

இப்போது ஒரு பழைய கதை. வியன்னாவில் மெஸ்மர் என்றொரு வைத்தியர். முதலில் காந்தத் துண்டுகளை வைத்து வைத்தியம் பார்த்தார், பிறகு காந்தமே வேண்டாம், என் கையே போதும் என்றார். 1777-இல் மரியா தெரேசியா பாரதிஸ் என்ற பார்வையற்ற இளம் பியானோ கலைஞர் அவரிடம் வந்தார். பார்வை திரும்பிவிட்டது என்று பேச்சு கிளம்பியது, பெரிய சர்ச்சை ஆனது. கடைசியில் அந்தப் பெண்ணுக்குப் பார்வை இல்லை, மெஸ்மருக்கு வியன்னாவில் இடம் இல்லை. பாரிஸுக்குப் போனார். அங்கே அவர் பேர் ஓகோ என்று ஆனதும், 1784-இல் அரசர் பதினாறாம் லூயி ஒரு விசாரணைக் குழு போட்டார். வேதியியலின் லவாய்சியர் அதில் ஒருவர். இன்னொருவர் அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அப்போது 78 வயது.

ஃபிராங்க்ளினுடைய தோட்டத்தில் நடந்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மெஸ்மரின் சீடர் ஒரு ஆப்ரிகாட் மரத்துக்குக் ‘காந்தம் ஏற்றினார்’. அவரே தேர்ந்தெடுத்துக் கூட்டி வந்த 12 வயதுப் பையனின் கண்ணைக் கட்டி, மரம் மரமாகக் கட்டிப்பிடிக்க விட்டார்கள். முதல் மரத்திலேயே வியர்த்தது. அடுத்ததில் தலைவலி. நாலாவது மரத்தில் மயங்கியே விழுந்தான். காந்தம் ஏற்றிய மரமோ அங்கிருந்து 24 அடி தள்ளி, சும்மா நின்றுகொண்டிருந்தது.

இதே ஃபிராங்க்ளின்தான் அதே 1784-இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தன் ‘இரட்டைக் கண்ணாடி’யைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொள்கிறார். நாம் இன்று பைஃபோக்கல் என்று மாட்டிக்கொண்டிருப்பது அதைத்தான். கண்ணுக்கு உதவும் கண்ணாடி எது என்று தெரிந்த மனிதர் அந்தக் குழுவில் இருந்தது எனக்கு ஒரு அலாதியான திருப்தி.

அவரைப் பார்த்து நானும் ஒரு திருட்டு வேலை செய்தேன். எங்கள் அண்ணன் நாலு மாதமாக இதைப் போட்டுக்கொண்டு, “தம்பி, போட்டதும் கண்ணுக்குள்ள ஐஸ் வெச்ச மாதிரி இருக்குடா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் அவர் வெளியே போன சமயம், குறடால் எட்டுக் காந்தத்தையும் நெம்பி எடுத்துவிட்டு, அதே அளவில் செம்புத் துண்டுகளை ஒட்டி வைத்தேன். மறுநாள் காலையில் போட்டுப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு இன்னும் குளிர்ச்சியா இருக்கே!” என்றார். இருக்கும். செம்பு வெப்பத்தைக் காந்தத்தைவிட வேகமாக இழுக்கும், தொட்டவுடன் சில்லென்று தெரியும். விஷயத்தைச் சொன்னதும் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு அண்ணனை வைத்துச் செய்தது சோதனையில் சேர்த்தி இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அவருக்குக் கிடைத்த சுகம் பொய்யா? இல்லை. இங்கேதான் அந்தச் சின்ன எழுத்து வருகிறது: ‘கண்களை மூடி அமர்ந்து.’ திரையைப் பார்க்கும்போது நாம் இமைக்கவே மறந்துபோகிறோம். சாதாரணமாக நிமிஷத்துக்குப் பதினைந்து முறை இமைக்கிறவர் ஐந்து, ஆறு முறையோடு நிறுத்திக்கொள்கிறார். கண்ணீர்ப் படலம் காய்கிறது, உறுத்துகிறது. கிட்டே இருப்பதையே பார்த்துப் பார்த்து, லென்ஸை வளைக்கும் தசை இறுகிப்போகிறது. இருபது நிமிஷம் மூடினால் இரண்டும் சரியாகும். அந்த நேரத்தில் மூக்கில் காந்தம் உட்கார்ந்திருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

பவர் குறையும் என்பது மட்டும் எனக்குக் கோபம் வரவைக்கும் வரி. கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் விழியே நீண்டுவிட்ட கதை. ஒரு மில்லிமீட்டர் கூடினாலே கிட்டத்தட்ட மூன்று பவர் ஏறும். நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்து, லென்ஸ் விறைப்பதால் வருவது. எதைக் காந்தம் சரிசெய்யும்? இதைவிட மோசம் கண் அழுத்த நோய். கிளாக்கோமா என்கிறோமே, அது பெரும்பாலும் வலிக்காது. ஓரப் பார்வையை முதலில் தின்றுகொண்டு வரும், போன பார்வை திரும்பாது. ‘கண்ணாடி போட்டபிறகு கண் வலியே இல்லை’ என்று ஒருவர் நிம்மதியாக இருக்கும் அந்த மாதங்களில்தான் அது வேலை செய்யும். எங்கள் அண்ணனுக்கு அந்த ஆபத்து இல்லை. மூன்று நாள் கோபம் ஆறியதும் கண்ணைப் பரிசோதிக்கப் போனார், வலது கண்ணில் புரை ஆரம்பித்திருந்தது. அதற்கு வழி இருக்கிறது.

காந்தம் கண்ணைக் காப்பாற்றிய சம்பவமும் உண்டு, சொல்லாமல் போனால் காந்தத்துக்குச் செய்யும் துரோகம். 1624-இல் ஒருவர் விழியில் எஃகுத் துணுக்கு ஏறிவிட்டது. ஃபாப்ரிசியஸ் ஹில்டானஸ் என்ற பெரிய அறுவை மருத்துவர் முயன்றும் வரவில்லை. அவர் மனைவி மேரி கொலினே, தானும் அந்தத் தொழில் தெரிந்தவர், இமையை விரித்துப் பிடித்துக் காந்தத்தால் எடுக்கலாமே என்றார். வந்துவிட்டது. யோசனை மனைவியுடையது என்று கணவரே எழுதியும் வைத்தார், அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய விஷயம். இரண்டரை நூற்றாண்டு கழித்து ஹிர்ஷ்பெர்க் என்ற கண் மருத்துவர் இதே வேலைக்கு மின்காந்தம் கொண்டுவந்தார். எடுக்க வேண்டியது இரும்பாக இருந்தது, அதனால் காந்தம் வேலை செய்தது.

இந்தக் கண்ணாடியை இப்போது சுற்றுக்கு விடுகிறேன். ஒரு பக்கம் காந்தத்தையே திரும்ப ஒட்டியிருக்கிறேன், மறுபக்கம் செம்பை அப்படியே விட்டிருக்கிறேன். இரண்டின் மேலும் துணிப் பட்டை சுற்றியிருக்கிறது, சில்லிப்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. போட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் காந்தம் என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும், தலையில் நீர் வடிகுழாய் வால்வு, காதில் காக்ளியர் கருவி வைத்திருப்பவர்களும் தயவுசெய்து தொட வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் ஒரு சாணுக்கு மேல் தள்ளியே அடுத்தவரிடம் கொடுக்கட்டும். குண்டூசி என்னிடம் இருக்கிறது, சீட்டெல்லாம் வந்தபிறகுதான் தருவேன்.