மாவுக்கு 100 குழி: சொற்பொருளைக் காப்பது தொழில் பேச்சே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பழஞ்சொற்களின் பொருளைப் பெரிதும் காத்து நிற்பது ஏடும் கல்வெட்டுமா, தொழில் செய்வோரின் பேச்சா என்பது தலைப்பு. தொழில் செய்வோரின் பேச்சே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசியவர் உத்திரமேரூர்க் கல்வெட்டை முன்வைத்தார். 10ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று கல்லில் வெட்டிய சொல்தான் இன்று மின்சார வாரியத்தில் வாழ்கிறது, கல் இல்லையேல் சொல் இல்லை என்றார். சொல்லைத் தந்தது கல்தான், ஒப்புக்கொள்கிறேன். பொருளைத் தந்ததா? அன்றைய வாரியத்தார் குடவோலையில் பெயர் எடுக்கப்பட்டு 360 நாள் மட்டும் பொறுப்பில் இருந்தவர்கள். இன்றைய வாரியம் அரசு அமைப்பது. பெயர் வந்தது, நடைமுறை வரவில்லை. அதே ஏரியின் மதகையும் மடையையும், உபரி நீர் வழியும் கலிங்கையும் எவரும் கல்லிலிருந்து மீட்கவில்லை, மீட்கத் தேவையும் இருக்கவில்லை. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி உபரி நீர் வழிந்தால் “கலங்கல் போகுது” என்கிறது வடமாவட்டம், “மறுகால் பாயுது” என்கிறது தென்மாவட்டம்.

இனி என் முதன்மையான சான்றுக்கு வருகிறேன். ஓரெழுத்துச் சொல்: மா. பழைய சொற்பொருள் நூலான நிகண்டைத் திறந்தால் விலங்கு, குதிரை, மாமரம், திருமகள், பெருமை, கருமை என்று வரிசையாகப் பொருள் வரும். வரிசையில் எது எங்கே பொருந்தும் என்று நிகண்டு சொல்லாது.

புறநானூறு 184ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் வரி வாங்கும் முறையைச் சொல்கிறார். காய்நெல்லை அறுத்துக் கவளமாக்கி யானைக்குக் கொடுத்தால் “மாநிறைவு இல்லதும் பன்னாட்கு ஆகும்”, அதாவது ஒரு மா நிறையாததும் பல நாளைக்குப் போதும். அதே யானை தானே வயலில் புகுந்தால் நூறு செறுவும், அதாவது நூறு வயலும், போதாது, வாய் தின்பதைவிடக் கால் மிதித்து அழிப்பது அதிகம். பாட்டு முழுக்க யானை நிற்கிறது. ஆகவே நிகண்டைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பவர், இந்த மா விலங்குதான் என்று எளிதில் முடிவுகட்டிவிடுவார். அப்படிக் கொண்டால் பாட்டின் கணக்கே குலைந்துபோகும். பழைய உரை ஒரு மாவுக்குக் குறைந்த நிலம் என்று சொல்லிவிட்டு நகர்கிறது. ஒரு மா எவ்வளவு என்று அது விளக்கவில்லை. படிப்பவருக்குத் தெரியும் என்ற துணிவுதான்!

அந்த அறிவு இன்றும் எங்கே இருக்கிறது? தஞ்சை, திருவாரூர், நாகை வயல்களில் இருக்கிறது. “அஞ்சு மா நடவு”, “மாவுக்கு இத்தனை மூட்டை கண்டுமுதல்” என்பது அங்கே அன்றாடப் பேச்சு. 12 அடிக் கோலால் நீளம் ஒரு கோல், அகலம் ஒரு கோல் அளந்தால் ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 14,400 சதுர அடி, ஏறத்தாழ 33 செண்ட். 20 மா ஒரு வேலி. பழங்கணக்கில் மா என்பதற்கு இருபதில் ஒரு பங்கு என்று பொருள். காணி எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் மாகாணி, பதினாறில் ஒன்று. வேலியின் இருபதில் ஒன்று மா என்னும்போது சொல்லே கணக்காகவும் நிற்கிறது. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்ற மெட்ரிக் அளவுகள் வந்த பிறகும் நடவுக் கூலியை மாவில்தான் பேசுகிறார்கள்.

இங்கே எதிரணி ஒரு கேள்வி கேட்கலாம்: கோலின் நீளம் மாறியிருக்கிறதே? உண்மைதான். பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று கல்வெட்டுகளிலேயே பல கோல்கள் உண்டு. அதனால் சோழர் கால மாவை 33 செண்ட் என்று பெருக்கினால் விடை தவறும். கோல் மாறினாலும் மா வேலியின் இருபதில் ஒன்றாகவே நிற்கிறது, பேச்சு காத்தது அந்த உறவை. காணியைப் பாருங்கள்: எண்பதில் ஒன்று என்ற பங்குப் பொருளோடு, அது ஒரு நில அளவுக்கும் பெயர். விழுப்புரம் பக்கம் ஒரு காணி 1.32 ஏக்கர். அதுவும் 100 குழிதான், ஆனால் கோல் 24 அடி. கோல் இரட்டித்தால் குழி நான்கு மடங்கு: 57,600 சதுர அடி. பழைய பத்திரத்தில் “காணி” என்று கண்டதும் எந்த ஊர்ப் பத்திரம் என்று கேட்காமல் கணக்குப் போட்டால் வம்புதான். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் உள்ளூர் உழவர்.

அடுத்தது தூம்பு. அகராதியில் “குழாய்” போன்ற சுருக்கமான பொருள்கள் கிடைக்கும். மலைபடுகடாம் யானைத் துதிக்கை போன்ற ஓர் இசைக்கருவியைத் தூம்பு என்கிறது. ஏரியின் குமிழித் தூம்பு எப்படிப்பட்டது? கரையிலிருந்து தள்ளி, ஏரிக்குள்ளே ஒரு கல்தொட்டி. அதன்மேல் இரண்டு கல்தூண்கள். அவற்றின் குறுக்கே கற்கள். தொட்டியின் மேல்புறம் நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. மேல்துளையை அடைத்திருக்கும் குமிழைத் தூக்கினால் நீர் சுழன்று இறங்கும், அந்த இழுப்பில் அடித்துளை வழியாகச் சேறும் சேர்ந்து கரைக்கடியில் ஓடும் கால்வாயில் வெளியேறும். அந்தச் சேறு வயலுக்கு உரம். நீரோடி, சேறோடி என்ற பெயர்களைக் கேட்டாலே எந்தத் துளைக்கு என்ன வேலை என்று புரிகிறதல்லவா? அடித்துளை அடைபட்டால் தொட்டியைச் சுற்றி வண்டல் மேடிடும், ஏரியின் கொள்ளளவு குறையும். “குழாய்” என்ற ஒரு சொல்லில் இதில் எதுவும் இல்லை.

காற்றின் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகரத்தில் வாடை என்றால் நாற்றம், கொண்டல் என்றால் பாட்டில் வரும் மேகம். யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளருக்கோ வாடை வடக்கிலிருந்தும் கொண்டல் கிழக்கிலிருந்தும் வருவன. சோழகம், கச்சான் என்று தெற்குக்கும் மேற்குக்கும் தனிப்பெயர் உண்டு. பாய் விரிக்கும் கை காற்றின் திசையைத் தவறவிட முடியாது, அதனால் சொல்லும் திசை மாறவில்லை.

நடுவர் அவர்களே, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு. பெரும்பணி, தலைவணங்குகிறேன். அதில் எத்தனையோ சொற்களுக்கு “மீன்வகை”, “மரவகை” என்பதே விளக்கம். அந்த மீனை வலையில் எடுப்பவரிடம் கேட்டால், எந்த மாதத்தில் படும், எந்த ஆழத்தில் நிற்கும், எந்தக் கண்ணளவு வலைக்குச் சிக்கும் என்று சொல்வார். தொழில் அழிந்தால் பேச்சும் அழியும், கல்தான் மிஞ்சும் என்று எதிரணித் தலைவர் கடைசியாக வாதிடுவார். அவர் சொல்லும் ஆபத்து மெய்யானது. அதற்காகவே சொல்கிறேன்: அடுத்த அகராதிக்குச் சொல் சேர்க்கப் போகிறவர்கள் முதலில் மடை திறப்பவரிடமும் கோல் பிடிப்பவரிடமும் போகட்டும். தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். வணக்கம்.